கல்கத்தாவில் மறைந்த காண்டன் ராஜப்பிரதிநிதி

கல்கத்தா மாநகரின் தென்பகுதியில் டாலிகஞ்சு என்றோர் இடம் உண்டு. 1859 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள், அங்கே காவல் வைக்கப்பட்டிருந்த ஒரு வீட்டில் சீன தேசத்தவர் ஒருவர் உயிர் நீத்தார். அவர் பெயர் யே மிங்சென். பதினைந்து மாதங்களுக்கு முன்புவரை அவர் குவாங்டோங், குவாங்சி என்னும் இரண்டு பெரிய மாகாணங்களுக்கும் ராஜப்பிரதிநிதி. சீனப் பேரரசின் வெளிநாட்டு விவகாரங்கள் அனைத்தும் அவர் கையில் இருந்தன. கோடிக்கணக்கான மக்கள் அவர் ஆணைக்கு அடங்கியிருந்தனர். அத்தகையவர் நம் நாட்டில் சிறைக் கைதியாய் வந்து இறக்கும்படி நேர்ந்தது எவ்வாறு என்பதே இன்று நாம் காணப்போகும் பொருள்.

யே மிங்செனைப் பற்றி இருவகைச் சித்திரங்கள் நெடுங்காலம் வழங்கின. ஆங்கிலேயர் எழுதிய நூல்களில் அவர் இரக்கமற்ற கொடுங்கோலர். கழுத்துப் பெருத்த, பிடிவாதம் மிகுந்த அரக்கர். சீனர்கள் சொன்ன கதைகளிலோ அவர் நகைப்புக்கு உரியவர். போரும் செய்யவில்லை, சமாதானமும் பேசவில்லை. நகரைக் காக்கவும் இல்லை, உயிரை விடவும் இல்லை. பகைவரிடம் சரணடையவும் இல்லை, தப்பி ஓடவும் இல்லை என்று ஆறு 'இல்லை'களை அடுக்கி அவரை ஏளனம் செய்தார்கள். ஏளனம் நினைவில் நிற்பது போல நியாயம் நிற்பதில்லை. இந்த ஆறு 'இல்லை'களுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவரைச் சுற்றி ஓர் ஆட்சிமுறை இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

யே 1807 இல் ஹுபே மாகாணத்து ஹான்யாங் நகரில், கல்வியிற் சிறந்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை யே சிஷென் பழைய வெண்கலக் கலன்களிலும் கற்களிலும் பொறித்த எழுத்துகளை ஆராய்ந்த அறிஞர், மருத்துவமும் கற்றவர். அக்காலச் சீனாவில் உயர்பதவியை அடைய ஒரே ராஜபாட்டை தேர்வுதான். மாவட்டத் தேர்வு, மாகாணத் தேர்வு, தலைநகர்த் தேர்வு, இறுதியில் அரண்மனைத் தேர்வு எனப் படிப்படியாக ஏறவேண்டும். ஆயிரக்கணக்கானவர் எழுதச் சிலரே தேறும் தேர்வு அது. தலை நரைத்த பின்னும் எழுதிக்கொண்டே இருந்தவர்கள் பலர். யே தமது இருபத்தெட்டாம் வயதில், 1835 இல், மிக உயர்ந்த பட்டத்தைப் பெற்று ஹான்லின் கழகத்தில் இடம்பெற்றார். கன்பூசிய நூல்கள் அவருக்கு மனப்பாடம். பீரங்கியைப் பற்றியோ, கடற்படையைப் பற்றியோ, இங்கிலாந்து எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியோ அந்தத் தேர்வில் ஒரு வினாவும் கேட்கப்படவில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே நாடு கற்கும். கேட்காததை நாடு கற்பதில்லை. தேர்வுத்தாள் திருத்தியே நரைத்த எனக்கு, சீன வரலாற்றில் வேறு எதையும் விட இது எளிதில் விளங்குகிறது.

அதன்பின் அவர் விரைவாக உயர்ந்தார். ஷென்சியில் ஒரு வட்டாரத்தின் ஆட்சியாளராகத் தொடங்கி, ஜியாங்சி, யுன்னான், ஹூனான் என மாகாணம் மாகாணமாக மாற்றப்பட்டார். எந்த அதிகாரியும் தம் சொந்த மாகாணத்தில் பணியாற்றக் கூடாது என்பது சீனப் பேரரசின் விதி. உறவினருக்குச் சலுகை காட்டிவிடுவார் என்ற அச்சமே காரணம். ஆகவே சீன அதிகாரி ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் அயலூரிலேயே, பேச்சுமொழி புரியாத மக்களிடையே வாழ்ந்தார். உள்ளூர்க் கணக்கர்களையும் செல்வந்தர்களையும் நம்பியே அவர் ஆட்சி நடக்கவேண்டும். ஹுபேயில் பிறந்த யேக்குக் காண்டன் மக்களின் பேச்சு அயல்மொழி போன்றதே. 1840களின் பிற்பகுதியில் குவாங்டோங் மாகாணத்துக் கருவூலப் பொறுப்பை ஏற்ற அவர், 1848 இல் அதே மாகாணத்தின் ஆளுநரானார்.

காண்டன் என்று அந்நாளில் ஐரோப்பியர் அழைத்த நகரமே இன்றைய குவாங்சோ. முத்தாற்றின் கரையில் அமைந்த பெருந்துறைமுகம் அது. நெடுங்காலம் ஐரோப்பியர் சீனாவுடன் வாணிகம் செய்ய அந்த ஒரு வாயில்தான் திறந்திருந்தது. தேயிலையும் பட்டும் அங்கிருந்து போயின. அபினி அங்கே வந்து இறங்கியது. அந்த அபினி எங்கே விளைந்தது? நம் நாட்டில், கங்கைச் சமவெளியில். பாட்னாவிலும் காசியிலும் கம்பெனியாரின் மேற்பார்வையில் பதப்படுத்தி, பெட்டிகளில் அடைத்து, கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். இதைச் சீன அரசு தடுக்க முயன்றதால் மூண்டதே 1839 முதல் 1842 வரை நடந்த முதல் அபினிப் போர். போரில் தோற்ற சீனா ஹாங்காங் தீவை இழந்தது. ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. அவற்றுள் ஒன்று காண்டன்.

துறைமுகம் திறந்தது, ஆனால் நகரின் மதில்வாயில் திறக்கவில்லை. வெள்ளையர் மதிலுக்கு வெளியே தங்கள் வாணிகக் கூடங்களில் இருக்கலாம், உள்ளே வரக்கூடாது என்று காண்டன் மக்கள் பிடிவாதமாக நின்றனர். ஒப்பந்தப்படி உள்ளே வர எங்களுக்கு உரிமை உண்டு என்று ஆங்கிலேயர் வற்புறுத்தினர். அப்போது அங்கிருந்த சீயிங் என்ற உயரதிகாரி, 1847 இல், இரண்டு ஆண்டுகள் கழித்து வாயிலைத் திறப்பதாக வாக்களித்துத் தம் தலைக்கு வந்ததைத் தள்ளிப்போட்டார். அந்த 1849 ஏப்ரல் வந்தபோது சீயிங் காண்டனில் இல்லை. ராஜப்பிரதிநிதியாகச் சூ குவாங்ஜின் இருந்தார். ஆளுநராக யே இருந்தார்.

இங்கே நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். யேயின் வாழ்வும் வீழ்ச்சியும் இதில் வேர்கொண்டவை. நகரத்துப் பெரியோர்கள் ஊர்ப்படை திரட்டினார்கள். வணிகர்கள் ஆங்கிலேயரோடு வாணிகத்தை நிறுத்தினார்கள். பேரரசரிடமிருந்து வந்த ஆணையோ, சில காலத்துக்கேனும் வெள்ளையரை உள்ளே விட்டுப் பார்க்கலாம் என்னும் போக்கில் இருந்தது. சூவும் யேயும் துணிந்து ஒரு காரியம் செய்தனர். மக்கள் விருப்பத்துக்கு மாறாக வாயிலைத் திறக்க முடியாது எனப் பேரரசரே கூறிவிட்டதாக ஒரு பொய்யாணையை ஆங்கிலேயருக்குக் காட்டினார்கள். ஹாங்காங் ஆளுநர் பான்ஹாம் பின்வாங்கினார். கத்தியின்றி இரத்தமின்றி வெற்றி! தாவ்குவாங் பேரரசர் மகிழ்ந்து சூவுக்கும் யேக்கும் பரம்பரைப் பட்டங்கள் வழங்கினார். காண்டன் நகரம் அவர்களைக் கொண்டாடியது. பொய் சொல்லியதற்குத் தண்டனை கிடைத்திருந்தால் யே வேறு மனிதராகியிருக்கக் கூடும். கிடைத்ததோ பிரபுப் பட்டம்.

அடுத்த ஆண்டு, 1850 இல், தாவ்குவாங் மறைந்து இளைஞரான சியன்பெங் அரியணை ஏறினார். வெள்ளையருக்கு இணங்கிப் போனவர் என்று குற்றம் சாட்டிப் புதிய பேரரசர் சீயிங்கைப் பதவியிறக்கம் செய்தார். அதே காலத்தில் குவாங்சியில் தைப்பிங் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கச் சென்ற சூ குவாங்ஜின் தோற்றார்; அவரும் பதவியை இழந்து தண்டனைக்கு ஆளானார். 1852 இல் அவருடைய இடத்துக்கு யே வந்தார். அதாவது, யே அமர்ந்த நாற்காலியின் ஒரு பக்கம் வெள்ளையரோடு சமாதானம் பேசி வீழ்ந்த சீயிங். மறுபக்கம் போரில் தோற்று வீழ்ந்த சூ. பேசினாலும் குற்றம், தோற்றாலும் குற்றம். இந்த நிலையில் அறிவுள்ள அதிகாரி எதைத் தேர்ந்தெடுப்பார்? பேசாமலும் போரிடாமலும் நாளைக் கடத்துவதையே தேர்ந்தெடுப்பார்.

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்கவேண்டும். அந்நாளில் சீனாவுக்கு வெளியுறவுத் துறை என ஒன்று இல்லை. 1861 இல்தான் அது அமைந்தது. பிற நாட்டுத் தூதர்கள் தலைநகர் பீக்கிங்குக்கு வருவதையே அரசவை விரும்பவில்லை. ஆகவே வெள்ளையர் தொல்லையைத் தெற்கே தொலைதூரத்தில் தடுத்து நிறுத்துவது காண்டன் ராஜப்பிரதிநிதியின் கடமையாயிற்று. விரைவுத் தூதுவர் குதிரையேறிச் சென்றாலும் காண்டனிலிருந்து பீக்கிங்குக்கு ஓலை போய்ச்சேர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். மறுமொழி வர மேலும் அத்தனை காலம். 'வெள்ளையரை உள்ளே விடாதே; ஆனால் போரும் மூளக்கூடாது; பணமும் கேட்காதே' என்பதே மேலிடத்து விருப்பத்தின் சாரம். ஒரே மூச்சில் மூன்றையும் செய்யத் தெய்வத்தாலும் ஆகாது.

ஆயினும் யே சோம்பேறியாக இருந்தவர் அல்லர். 1854 இல் குவாங்டோங் மாகாணம் முழுவதும் செந்தலைப்பாகைக் கிளர்ச்சி பரவியது. இரகசியச் சங்கத்தினர் ஊர் ஊராகப் பிடித்தனர், காண்டனையே முற்றுகையிட்டனர். மாகாணத்துப் படையில் பெரும்பகுதி தைப்பிங் போருக்காக வடக்கே போயிருந்தது. கையில் இருந்த சிறுபடையையும் ஊர்ப்படைகளையும் கொண்டு யே நகரைக் காத்தார். வடக்கே போரிட்ட அரசுப் படைகளுக்கும் தம் மாகாணத்திலிருந்து பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். காண்டன் வீழ்ந்திருந்தால் மஞ்சூ அரசே நிலைத்திருக்குமா என்பது ஐயம். நகரைக் காக்கவில்லை என்று பிற்காலத்தில் ஏளனம் செய்யப்பட்டவர் ஒருமுறை அதைக் காத்தே இருக்கிறார்.

காத்த முறையோ நெஞ்சை உறைய வைப்பது. பிடிபட்டவர்களும் சந்தேகத்துக்கு உள்ளானவர்களும் கூட்டம் கூட்டமாகத் தலை வெட்டப்பட்டனர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் சீனரான யுங் விங், 1855 இல் காண்டனில் இருந்தார். கொலைக்களத்தை அவர் நேரில் சென்று பார்த்தார். அந்தக் கோடையில் 75,000 பேர் வெட்டப்பட்டதாகவும், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குற்றமற்றவர் எனவும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். எண்ணிக்கையில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். எண்ணிக்கை எதுவாயினும், யேயின் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்ல முற்படும் எவரும் இந்தக் களத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட முடியாது. பேரரசர் இதற்காக அவரைக் கண்டிக்கவில்லை. பதவியைத்தான் மேலும் உயர்த்தினார்.

இனி வீழ்ச்சிக்கு வருவோம். 1856 அக்டோபர் 8 ஆம் நாள் காலையில், 'ஆரோ' என்னும் சிறு கப்பல் காண்டன் துறையில் நின்றது. அதன் உடல் ஐரோப்பிய அமைப்பு. பாய்கள் சீன அமைப்பு. உரிமையாளர் சீனர், மாலுமிகளும் சீனர், பெயரளவில் தலைவராக ஓர் இளம் ஆங்கிலக் குடிமகன். ஹாங்காங்கில் பதிவு செய்யப்பட்டிருந்ததால் அது ஆங்கிலக் கொடியைப் பறக்கவிட்டு வந்தது. கடற்கொள்ளையோடு தொடர்புடையவர் அதில் இருப்பதாகத் தகவல் கிடைக்கவே, சீனக் காவலர் ஏறிப் பன்னிரண்டு மாலுமிகளைப் பிடித்துச் சென்றனர். அப்போது ஆங்கிலக் கொடியை இறக்கி அவமதித்தனர் என்பது ஆங்கிலத் தூதர் ஹாரி பார்க்ஸின் குற்றச்சாட்டு. கொடி அப்போது பறக்கவே இல்லை என்பது சீனர் கூற்று. பார்க்ஸுக்கு வயது இருபத்தெட்டு. துடிப்பும் கடுகடுப்பும் மிக்கவர்.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஆரோ கப்பலின் ஹாங்காங் பதிவு செப்டம்பர் 27 ஆம் நாளோடு காலாவதியாகி இருந்தது! அதாவது சம்பவம் நடந்த அன்று அதற்கு ஆங்கிலக் கொடி பறக்கவிடும் உரிமையே இல்லை. ஹாங்காங் ஆளுநர் ஜான் பௌரிங்குக்கு இது தெரியும். பார்க்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்திலேயே இதை ஒப்புக்கொண்டார். யேக்கு மட்டும் தெரிவிக்கவில்லை. காண்டன் நகருக்குள் நுழையும் பழைய உரிமையை நிலைநாட்ட நல்ல வாய்ப்பு வந்ததென்று பௌரிங் கருதினார். யே முதலில் ஒன்பது மாலுமிகளைத் திருப்பி அனுப்பினார். பின்னர் பன்னிரண்டு பேரையும் அனுப்பினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கப்பல் சீனருடையது, மாலுமிகள் சீனர், நின்றது சீனத் துறைமுகம். எதற்கு மன்னிப்பு என்பது அவர் வாதம். சட்டப்படி பார்த்தால் அவர் வாதமே வலிமையானது.

அக்டோபர் 23 இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி சீமூர் தாக்குதலைத் தொடங்கினார். அன்று யே படைவீரர் தேர்வை மேற்பார்வையிட்டுக் கொண்டிருந்தாராம். குண்டோசை கேட்டுக் கலங்கியவர்களிடம், மாலையானால் அவர்கள் போய்விடுவார்கள் என்று சொல்லி அம்பெய்யும் தேர்வைத் தொடரச் செய்தார் என்பர். சில நாட்களில் யேயின் மாளிகையைக் குறிவைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு குண்டு வீதம் பீரங்கி முழங்கியது. மதிலில் பிளவு ஏற்பட்டு ஆங்கிலேயர் உள்ளே புகுந்து அவர் மாளிகையையே சுற்றிப் பார்த்தனர். ஆனால் நகரைப் பிடித்து வைக்கப் போதிய படை இல்லாமையால் திரும்பிவிட்டனர். யேயோ, வெள்ளையரின் தலைக்கு விலை வைத்தார், ஊர்ப்படைகளை ஏவினார். டிசம்பரில் மதிலுக்கு வெளியே இருந்த வெள்ளையர் வாணிகக் கூடங்கள் தீக்கிரையாயின. பகைவர் பின்வாங்கியதைத் தம் வெற்றியாகப் பேரரசருக்கு எழுதினார்.

ஆய்வாளர் வரப்போகிறார் என்றால் வருகைப் பதிவேடு எவ்வளவு அழகாகிவிடும் என்பதைப் பள்ளிகளில் பணியாற்றிய நாங்கள் நன்கு அறிவோம். மேலே போகும் காகிதத்தில் கெட்ட செய்தியை எழுதுபவனே குற்றவாளியாகும் இடத்தில், கெட்ட செய்தி மேலே போவதில்லை. யேயின் அறிக்கைகள் அவ்வகையின. அவற்றைப் படித்த பேரரசர் காண்டன் பாதுகாப்பாக இருப்பதாக நம்பினார். ஆகவே உதவிப்படை அனுப்பும் எண்ணமே எழவில்லை. எழுந்திருந்தாலும் அனுப்புவதற்குப் படை இருந்ததா என்பது வேறு வினா.

லண்டனில் இதே விஷயம் பெரும் புயலைக் கிளப்பியது. 1857 மார்ச்சு மாதம் காப்டன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த கண்டனத் தீர்மானத்தால் பாமர்ஸ்டன் பிரபுவின் அரசு பதினாறு வாக்குகளில் தோற்றது. காலாவதியான பதிவுடைய ஒரு படகுக்காக ஒரு நகரத்தைச் சுடுவதா என்று ஆங்கிலேயர் பலரே கேட்டனர். பாமர்ஸ்டன் பாராளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலில் நின்றார். யேயைத் திமிர்பிடித்த காட்டுமிராண்டி என வருணித்தே வாக்குக் கேட்டார், வென்றார். தம்மை வைத்து இங்கிலாந்தில் ஒரு பொதுத்தேர்தலே நடந்துவிட்டது என்பதை யே எவ்வளவு அறிந்தாரோ!

எல்ஜின் பிரபுவின் தலைமையில் படை புறப்பட்டது. தங்கள் நாட்டுப் பாதிரியார் ஒருவர் குவாங்சியில் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டிப் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்துகொண்டனர். எல்ஜின் சிங்கப்பூரை அடைந்தபோது கல்கத்தாவிலிருந்து கானிங் பிரபுவின் அவசரக் கடிதம் வந்தது. ஆம், ஆண்டு 1857. மீரட்டிலும் டில்லியிலும் சிப்பாய்கள் எழுந்துவிட்டனர். சீனாவுக்கு வந்த படையை எல்ஜின் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார். தாமும் கல்கத்தாவுக்கு வந்து போனார். நம் பாடநூல்களில் 1857 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இந்திய எல்லையோடு நின்றுவிடுகின்றன. கான்பூரிலும் லட்சுமணபுரியிலும் சிந்திய குருதி, காண்டன் நகரத்துக்குப் பல மாதத் தவணை வாங்கிக் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் படித்தல் நலம்.

அந்தத் தவணையை யே எப்படிப் பயன்படுத்தினார்? ஹாங்காங்கில் அவருக்கு ஒற்றர்கள் இருந்தார்கள். செய்தித்தாள்களின் மொழிபெயர்ப்பும் அவருக்கு வந்தது. இந்தியாவில் கலகம் மூண்ட செய்தி அவரை எட்டியது. அதிலிருந்து அவர் கண்ட முடிவு, ஆங்கிலேயர் ஓய்ந்தார்கள் என்பதே. எல்ஜினே வங்காளத்தில் துரத்தப்பட்டுத் தப்பி வந்தவர் என்னும் வகையில் பேரரசருக்கு எழுதினார். செய்தி கிடைத்தும் அதைத் தம் விருப்பத்துக்கேற்ப வளைத்துப் படித்தார். அறியாமையைவிட இது தீயது.

அவர் தந்தை தாவோ சமயத்து ஞானி லூ தோங்பின் மீது பெரும் பக்தி கொண்டவர். மணல்தட்டில் குச்சி தானே எழுதுவதாகக் கூறும் ஒருவகைக் குறிகேட்கும் வழக்கம் சீனாவில் உண்டு. பதினைந்தாம் நாள் கழிந்தால் தீங்கில்லை என்று அந்தக் குறி உரைத்ததாகவும், அதை நம்பியே யே அசையாதிருந்ததாகவும் அக்காலத்தவர் கதை சொன்னார்கள். நகரம் வீழ்ந்தது சீன மாதத்தின் பதினான்காம் நாள். குறி பொய்யாகவில்லை என்று கேலி பேசுவோர் கூறினர்!

1857 டிசம்பரில் எல்ஜின் இறுதி எச்சரிக்கை விடுத்தார். யே நீண்ட மறுமொழி எழுதினார். பழைய வாதங்களையே அழகாக எழுதினார். டிசம்பர் 28 இல் பீரங்கிகள் முழங்கின. மறுநாள் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஆங்கில, பிரெஞ்சுப் படையினர் மதிலேறினர். அப்படையில் சென்னை இராணுவத்தைச் சேர்ந்த சிப்பாய்களும் இருந்தார்கள். வடக்கே ஆங்கிலேயரை எதிர்த்துச் சிப்பாய்கள் போரிட்ட அதே நாட்களில் தெற்கத்திச் சிப்பாய்கள் காண்டனில் ஆங்கிலேயருக்காக நின்றனர்.

யே தப்பி ஓடவில்லை என்பது உண்மையே. நகரத்துக்குள்ளேயே இடம் மாறித் தங்கியிருந்தார். 1858 ஜனவரி 5 ஆம் நாள் பார்க்ஸ் மாலுமிகளுடன் தேடிப் புறப்பட்டார். ஒரு மாளிகையில் உடையணிந்த அதிகாரி ஒருவர் எதிரே வந்து 'யானே யே' என்று தம்மை ஒப்படைத்தார். பருமன் போதவில்லை என்று கண்ட பார்க்ஸ் அவரைத் தள்ளிவிட்டு உள்ளே விரைந்தார். தலைவனுக்காகத் தன்னை ஈந்த அந்த மனிதரைப் பற்றி வரலாறு அதிகம் பேசவில்லை. பின்புறத்துச் சுவரருகே யே பிடிபட்டார். ஒரு மாலுமி அவருடைய நீண்ட பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டானாம்.

பீக்கிங் அவரைக் காப்பாற்ற முன்வரவில்லை. செய்தி எட்டியவுடன் பேரரசர் அவரைப் பதவியிலிருந்து நீக்கி, தன்மூப்பாய் நடந்து நாட்டைக் கெடுத்தவர் என்று பழித்தார். எட்டு ஆண்டுகளாக இந்தத் தன்மூப்பைத்தான் பாராட்டிப் பட்டம் கொடுத்து வந்தார்கள். காண்டனிலோ ஆளுநர் போக்குவே அதே நாற்காலியில் அமர்த்தப்பட்டு, ஆங்கில பிரெஞ்சு ஆணையர்களின் கண்காணிப்பில் ஆட்சி நடத்தினார். 1861 வரை அந்நியப் படை நகரில் இருந்தது.

யேயை நகரின் அருகே வைத்திருப்பது ஆபத்து என்று எல்ஜின் கருதியதால், 1858 பெப்ரவரியில் 'இன்பிளெக்ஸிபிள்' என்ற போர்க்கப்பலில் அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். சமையற்காரர், நாவிதர் முதலிய பணியாளர் சிலர் உடன் சென்றனர். அலபாஸ்டர் என்ற இளம் மொழிபெயர்ப்பாளரும், லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் குக்கும் அதே கப்பலில் சென்றனர். குக் நாள்தோறும் வினாக்கள் கேட்டுக் குறிப்பெடுத்தார். அவர் எழுதியவற்றில் வெறுப்பு நிறைந்திருக்கிறது. ஆனால் அந்த வெறுப்பின் ஊடேயும் ஒன்று தெரிகிறது: கைதி ஒருமுறைகூடக் கெஞ்சவில்லை.

கல்கத்தாவில் முதலில் வில்லியம் கோட்டையிலும் பின்னர் டாலிகஞ்சிலும் அவர் வைக்கப்பட்டார். செய்தித்தாளை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்பார். அபினிப் பெட்டிகள் ஏலம் போகும் நகரத்தில், அந்த அபினியால் குலைந்த நாட்டின் ராஜப்பிரதிநிதி உட்கார்ந்திருந்தார். கவிதைகளும் எழுதினார், அவற்றில் தம்மைச் 'கடல்மேல் சூ வூ' என்று குறித்துக்கொண்டார். சூ வூ என்பவர் ஹான் காலத்துத் தூதர். பகைவர் நாட்டில் பத்தொன்பது ஆண்டுகள் ஆடு மேய்க்கும் நிலைக்குத் தள்ளப்பட்டும் தம் அரசருக்கு மாறாதவர். உடனிருந்த பணியாளர்கள் நாடு திரும்பிக் கூறிய செய்தி இது: ஆங்கில அரசியிடம் தம்மை அழைத்துச் செல்வார்கள், அங்கே நியாயம் கேட்கலாம் என்று யே காத்திருந்தாராம். ஊரிலிருந்து கொண்டுவந்த உணவுப் பொருள் தீர்ந்ததும், பகைவர் நாட்டுத் தானியத்தை உண்ண மறுத்தார் என்றும் சொன்னார்கள். ஆங்கிலேயர் குறிப்புகள் நோயையே சொல்கின்றன. அவர் உடல் சீனாவுக்கு அனுப்பப்பட்டது.

எல்ஜின் பிரபு 1860 இல் பீக்கிங்கின் கோடை அரண்மனையைத் தீக்கிரையாக்கினார். 1862 இல் இந்தியாவின் வைசிராயாக வந்தார். மறு ஆண்டு தருமசாலையில் இறந்து அங்கேயே அடக்கமானார். யேயும் அவரைப் பிடித்தவரும் நான்காண்டு இடைவெளியில் இந்திய மண்ணிலேயே மறைந்தனர்.

எஞ்சியவை யேயின் அலுவலகக் காகிதங்கள். நகரைப் பிடித்தபோது ஆங்கிலேயர் அவற்றைப் பெட்டி பெட்டியாகக் கைப்பற்றினர். அவற்றுள் முதல் அபினிப் போருக்குப் பின் செய்த ஒப்பந்தங்களின் மூலப்பிரதிகளே இருந்தன! ஒரு பேரரசு தன் வல்லரசு ஒப்பந்தங்களைத் தலைநகரில் வைக்காமல் மாகாண அலுவலகத்து அலமாரியில் விட்டுவைத்திருந்தது கண்டு ஆங்கிலேயர் திகைத்தார்கள். அக்காகிதங்கள் நூறு ஆண்டுகள் பீக்கிங்கிலிருந்த ஆங்கிலத் தூதரகத்தில் தூங்கி, 1959 இல் லண்டன் ஆவணக்காப்பகத்தை அடைந்தன. ஜே. ஒய். வோங் என்ற வரலாற்றாசிரியர் அவற்றை ஆராய்ந்து 1976 இல் யேயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வரி வசூல், ஒற்றர் அறிக்கை, படைச் செலவு, ஊர்ப்படைக் கணக்கு என ஒவ்வொன்றிலும் இராஜப்பிரதிநிதி இரவும் பகலும் உழைத்ததற்கு அவற்றில் சான்று கிடைத்தது.